உஸ்தாத் மூட்டை

சுலைமானியில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல். குறை சொல்லவில்லை, கௌஸ் பாய். போலீஸ் ஸ்டேஷனில் எலுமிச்சை பிழிந்து டீ கொடுப்பதே பெரிய விஷயம். இன்ஸ்பெக்டர் ஐயாவிடம் என் நன்றியைச் சொல்லிவிடுங்கள். நான் தமிழில் சொல்கிறேன், நீங்கள் அரபியில் சொல்லுங்கள். எனக்கு அவசரமில்லை. ஒரே வேண்டுகோள், நான் சொல்வதைச் சுருக்காதீர்கள். மொழிபெயர்ப்பாளர்களுக்கு அந்தக் கெட்ட பழக்கம் உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறேன். உங்களைச் சொல்லவில்லை.

என் பெயர் விஜயபாஸ்கர். அஜ்மானில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் டாக்குமெண்ட் கிளார்க். அங்கே என் பெயர் 'ஏய் பாஸ்கர், ஜல்தி'. சனிக்கிழமைகளில் மட்டும் நான் 'சார்'. பாலைவனத்தில் ஓர் ஒட்டகப் பண்ணைக்குப் பக்கத்தில் எங்கள் ஜைரோ கிளப் இருக்கிறது. அதன் பயிற்சிச் செயலாளர் நான். 'இருந்தேன்' என்று போட்டுக்கொள்ளுங்கள்.

ஹபீப் முகம்மது பாய் விழுந்து இறந்த விஷயமாகத்தான் வந்திருக்கிறேன். அந்த விசாரணை முடிந்து, கோப்பும் மூடியாகிவிட்டது என்று ஐயா சொல்கிறார். தெரியும். அதில் ஒரு பிழை இருக்கிறது. அதைத் திருத்த வேண்டும்.

ஐயாவுக்கு ஜைரோ தெரியாதென்றால் விளக்கிவிடுகிறேன். தலைக்கு மேலே ஹெலிகாப்டர் மாதிரி பெரிய இறக்கை சுற்றும். ஆனால் அதை எஞ்சின் சுழற்றுவதில்லை. எஞ்சின் முதுகுக்குப் பின்னால் இருந்து வண்டியைத் தள்ளும். கீழிருந்து மேலே போகிற காற்றுதான் இறக்கையைச் சுழற்றும். முன்னால் ஓர் ஆள், பின்னால் ஓர் ஆள். கதவு கிடையாது. பிள்ளைகுட்டிக்காரர்கள் காசு கொடுத்து இதில் ஏறுகிறார்கள் என்பதை நம்ப எனக்கே நாளாயிற்று.

நான் ஏறியதே இல்லை. எனக்குக் காதில் கோளாறு, மருத்துவச் சோதனையில் தள்ளிவிட்டார்கள். போகட்டும். பறப்பதை யார் வேண்டுமானாலும் செய்யலாம். பறக்க வைப்பதற்கு ஆள் வேண்டுமே. ஒவ்வொருவரையும் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போவது, ரோலாவில் ஒரு மெஸ்ஸின் மாடியைப் பிடித்து வானிலை வகுப்பு நடத்துவது, பரீட்சைக்குத் தேதி வாங்குவது, பயிற்சியாளர் யஹ்யாவின் நேரத்தைப் பங்கு போடுவது, அத்தனையும் நான்தான். ரேடியோவில் டவரைக் கூப்பிட்டு 'அலோ, சாப்டீங்களா' என்று கேட்ட மளிகைக் கடை முதலாளிக்கு லைசென்ஸ் வாங்கிக் கொடுத்தவன் நான். சம்பளம் கிடையாது. 'சார்' என்பதுதான் சம்பளம்.

இனி உஸ்தாத் மூட்டை. அதைப் புரிந்துகொண்டால் எல்லாம் புரிந்துவிடும்.

ஏற்கெனவே சின்ன விமானம் ஓட்டிப் பழகியவர்கள் ஜைரோவுக்கு வந்தால் அவர்களிடம் ஒரு வியாதி இருக்கும். வண்டியின் மூக்கு சட்டென்று மேலே தூக்கினால் அவர்கள் கை தானாகவே ஓட்டும் கம்பை முன்னால் தள்ளும். விமானத்தில் அது உயிரைக் காப்பாற்றும். ஜைரோவில் அப்படித் தள்ளினால் மேலே இருக்கும் இறக்கைக்குக் காற்று கிடைக்காமல் போய்விடும். சுற்று குறையும், வண்டி தலைகுப்புறக் கவிழும். அதற்கப்புறம் ஆண்டவனாலும் ஒன்றும் செய்ய முடியாது. பின்னால் பயிற்சியாளர் இருக்கிறவரை அந்தக் கனத்தில் வண்டி நிதானமாக ஏறும். முதல்முறை தனியாகப் போகும்போது பின்னிருக்கை காலி. வண்டி துள்ளிக்கொண்டு ஏறும். பழைய கை உடனே தள்ளப் பார்க்கும்.

அதனால்தான் எங்கள் கிளப்பில் ஒரு வழக்கம். முதல் தனிப் பறத்தல் அன்று, யஹ்யாவின் எடைக்கு மணல் நிரப்பிய மூட்டையைப் பின்னிருக்கையில் கட்டுவோம். அதற்கு உஸ்தாத், அதாவது வாத்தியார், என்று பெயர். தலையில் ஒரு தொப்பி வைப்போம். போகிறவர் உஸ்தாதுக்கு சலாம் சொல்லி, ஒரு பேரீச்சம்பழத்தை அதன் முன்னால் வைத்துவிட்டுத்தான் ஏறுவார். எல்லாரும் சிரிப்பார்கள். மூட்டையை நிரப்புவது, தூக்கி வைப்பது, கட்டுவது எப்போதும் நான். என் முடிச்சு அவிழ்ந்ததாக ஒரு தடவை கூட கிடையாது. இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லுங்கள், பாய்.

ஹபீப் பாய் கீழக்கரைக்காரர். தேராவில் குங்குமப்பூ, ஏலக்காய் மொத்த வியாபாரம். நல்ல மனிதர். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. சனிக்கிழமை வந்தால் எல்லாருக்கும் காலை நாஷ்டா கொண்டுவருவார், துப்புரவாளர் வரைக்கும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார். வாலிப வயதில் விமானம் ஓட்டக் கற்றவர். ஆக, அவர் கைக்கும் அந்த வியாதி உண்டு. யஹ்யா எல்லார் முன்னாலும் அவரிடம் சொன்னார், "பாய், மூக்கு தூக்குனா ஒங்க கை தானா தள்ளுது. உஸ்தாத் பின்னால இல்லாம ஒங்கள நான் மேல விடமாட்டேன்." பாயும் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்.

இப்படிப்பட்ட நல்ல மனிதர்தான் ஒருநாள் நாஷ்டா வேளையில் என் தோளில் கை போட்டார். அவர் மகள் அப்ஸானா, இங்கேயே பிறந்து வளர்ந்த பெண், பயிற்சி வேலை முழுவதையும் போனிலேயே முடிக்கிற மாதிரி ஏதோ செய்துவிட்டாளாம். டாக்டர், பரீட்சை, யஹ்யாவின் நேரம், எல்லாம் விரல் நுனியில். பாய் சொன்னார், "தம்பி, எங்களுக்காக ரொம்ப அலைஞ்சிட்டீங்க. இனிமே புள்ள பாத்துக்குடும். நீங்க சும்மா வாங்க, சாப்புடுங்க, உக்காருங்க. அந்த மூட்ட கட்டுற வேலைய மட்டும் வெச்சுக்கிடுங்க."

சுற்றி இருந்தவர்கள் கை தட்டினார்கள். எனக்கு ஒரு சால்வை. அன்று மத்தியானமே வாட்ஸ்அப் குழுவில் என் பெயருக்குப் பக்கத்தில் இருந்த 'அட்மின்' என்ற எழுத்து போய்விட்டது. அடுத்த சனிக்கிழமை ஒரு புது ஆள் என்னைப் பார்த்து, "மூட்ட கட்டுறவரு நீங்கதானா?" என்று கேட்டான். சிரிப்பு வருகிறதா, பாய்? சிரியுங்கள், பரவாயில்லை. ஆபீஸில் 'ஏய் பாஸ்கர்' என்று கூப்பிட்டபோது முதல்முறையாக எனக்கு அழுகை வந்தது.

நான் கோபக்காரன் இல்லை. யாரையும் கை நீட்டி அடித்ததில்லை. யோசித்துப் பார்த்தேன். எனக்கென்று ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள், அதை ஒழுங்காகச் செய்வோம் என்று முடிவு செய்தேன். அவ்வளவுதான்.

பாயின் முதல் தனிப் பறத்தலுக்கு அப்ஸானாவின் போன்தான் நாள் குறித்தது. நான் காலையில் முதல் ஆளாக வந்து ஹேங்கரைத் திறந்தேன். பக்கத்து ஒட்டகப் பண்ணையில் காய்ந்த புல் கட்டுக்கட்டாகக் கிடக்கும், காற்றடித்தால் எங்கள் ஓடுபாதை வரைக்கும் பறந்து வரும். மூட்டை நிறைய அந்தப் புல்லைத் திணித்தேன். ஓரத்திலும் வாயிலும் மட்டும் மணல். தொட்டுப் பார்த்தால் மணல்தான் கைக்குத் தட்டுப்படும். இது சும்மா வந்துவிடாது. முதலில் திணித்தபோது ஒரு பக்கம் புடைத்துக்கொண்டு நின்றது. அவிழ்த்துவிட்டு மறுபடி திணித்தேன். பிறகு என் முடிச்சைப் போட்டு, மறக்காமல் தொப்பியை வைத்தேன்.

தூக்கி வைக்க யஹ்யா கை கொடுக்க வந்தார். நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். தூக்கும்போது கொஞ்சம் முனகினேன், இடுப்பையும் பிடித்துக்கொண்டேன். யஹ்யா மூட்டையைத் தட்டிப் பார்த்தார். முடிச்சைப் பார்த்தார். "சார் கட்டுனா செக் பண்ண வேண்டியதில்ல" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். எவ்வளவு நாளைக்கு அப்புறம் அந்த 'சார்'. கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பாய் வந்து உஸ்தாதுக்கு சலாம் சொன்னார். பேரீச்சம்பழத்தை அதன் முன்னால் வைக்கப் போனவர், திரும்பி என் பக்கம் வந்தார். "உஸ்தாதுக்கு முன்னால ஒங்களுக்கு, தம்பி. இத்தன நாளும் எங்களச் சொமந்தது நீங்கதானே" என்று என் வாயில் ஊட்டினார்.

அந்த நேரத்தில் மனம் மாறியதா என்று ஐயா கேட்கிறார். நல்ல கேள்வி. பழம் நல்ல ரகம், கொட்டையை எங்கே துப்புவது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டேன். அதற்குள் எஞ்சினைப் போட்டுவிட்டார்கள். மேலும், கட்டிய மூட்டையை அவிழ்ப்பது என் வழக்கமில்லை.

வண்டி ஓடியது. ஏறியது. யஹ்யா சொல்லியிருந்தபடியே துள்ளியது. பாயின் கை தள்ளியிருக்க வேண்டும். மூக்கு கீழே குனிந்தது, மேலே இறக்கை சோம்பலாகிவிட்டது, வண்டி ஒரு புரட்டுப் புரண்டு மணலில் விழுந்தது. அப்ஸானா போனைத் தூக்கி வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். "வாப்பா" என்று ஒரே ஒரு தடவைதான் கூப்பிட்டாள்.

முதலில் ஓடிப் போனவன் நான். அதையும் எல்லாரும் பாராட்டினார்கள். மூட்டை கிழிந்து காலியாகக் கிடந்தது. புல் காற்றோடு போய்விட்டது. பாலைவனத்தில் யார் மணலைத் தேடப் போகிறார்கள்? மீட்புக்காரர்கள் கயிறைக் கத்தியால் அறுத்து அந்தப் பக்கம் எறிந்தார்கள். முடிச்சோடு இருந்த துண்டை எடுத்து நான் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். ஏனென்று கேட்டால் தெரியாது. நம் கைவேலை, அப்படியே விட்டுவர மனம் வரவில்லை.

அந்த ஒரு காரியத்தில்தான் தவறு செய்துவிட்டேன். கயிறு இல்லாத காலி மூட்டையைப் பார்த்த உங்கள் நிபுணர்கள், முடிச்சு தளர்ந்து ஓடும்போதே மணல் கொட்டிவிட்டது என்று முடிவு கட்டினார்கள். கட்டியவரின் கவனக்குறைவு என்று எழுதினார்கள். எனக்கு எச்சரிக்கை. சரிபார்க்காத யஹ்யாவுக்கு லைசென்ஸ் ரத்து, ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். பாவம், பிள்ளைகள் இங்கே பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தன. நான் ஏர்போர்ட் வரை போய் வழியனுப்பினேன். அவருக்காக இன்று இங்கே வந்தேன் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

நேற்று தேராவில் பாயின் கடைக்குப் போயிருந்தேன். அப்ஸானா கல்லாவில் உட்கார்ந்திருந்தாள். மெலிந்துவிட்டாள். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "அங்கிள், நீங்க ஃபீல் பண்ணாதீங்க. நாங்க யாரும் உங்கள பிளேம் பண்ணல. அந்த நாட் கொஞ்சம் லூஸா இருந்திருக்கு, அவ்ளோதான். வயசாச்சுல்ல. வாப்பா இருந்தா அவங்களும் மன்னிச்சிருப்பாங்க" என்றாள். கண்ணெல்லாம் தண்ணீர். கடைப் பையன்கள் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். அவர்கள் பார்வையில் இருந்தது இரக்கம், பாய். என்னைப் பார்த்து இரக்கம்.

நாட் லூஸாம். என் முடிச்சு.

ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. இத்தனை வருஷம் ஒழுங்காக வேலை பார்த்தவனுக்குக் கடைசியில் இதுதான் பெயரா? நன்றாகச் செய்த ஒரு காரியத்தை, இவர்கள் பாட்டுக்குக் கவனக்குறைவு என்று எழுதிவைத்துவிட்டால் நாளை அந்தக் கிளப்பில் என்னைப் பற்றி என்ன பேசுவார்கள்?

இதோ, மேசை மேல் வைக்கிறேன். கத்தி பட்ட இடம் இது. முடிச்சு இது. ஐயாவை இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இன்னும் பலமாக. பார்த்தீர்களா, அசையவில்லை.

எழுத ஆரம்பித்துவிட்டாரா? நல்லது. முடிச்சு அவிழவில்லை என்பதை முதல் வரியில் எழுதச் சொல்லுங்கள், பாய். கொலை என்பதை அதற்குக் கீழே எங்கேயாவது போட்டுக்கொள்ளட்டும்.