வளர்ற புள்ளதானே

ராத்திரி எட்டு மணி இருக்கும். ஏரிக்கரை ரோட்டில் ஒரு ஈ காக்கா இல்லை. லாரிக்காரன் ஸ்கூட்டரில் தனியாகப் போய்க்கொண்டிருந்தான். யார் என்கிறீர்களா? நம் மெக்கானிக்கின் சித்தி மகன். பேய் என்றால் காறித் துப்புகிற ஆள். நானும் அப்படித்தான். சரி, அந்த ஜன்னலைச் சாத்திவிட்டுக் கேளுங்கள்.

பின் சீட்டில் ஒரு லைஃப் ஜாக்கெட்டைக் கட்டி வைத்திருந்தான். படகுச் சவாரிக்குப் போடுவது. அக்கா மகளுடையது.

வாங்கிக் கொடுத்ததே அவன்தான். அக்கா புருஷன் தையல்காரர். பிள்ளைக்கு மாட்டியதும் தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். ஜாக்கெட் காது வரை ஏறியது.

"தொளதொளன்னு இருக்கேடா மாப்ள. அளவு தப்பு."

"வளர்ற புள்ளதானே அத்தான். அடுத்த வருஷமும் போடட்டுமே. எல்லாத்துக்கும் இஞ்ச் டேப்பைத் தூக்காதீங்க!"

பிள்ளையும் சேர்ந்து சிரித்தது.

அன்றைக்கே படகு கவிழ்ந்தது. பெரியவர்கள் மிதந்தார்கள். ஜாக்கெட்டும் மிதந்தது... போட்ட கொக்கி போட்டபடி. பிள்ளைதான் அதற்குள்ளிருந்து கீழே நழுவிவிட்டது.

அப்புறம் அத்தான் யார் துணியையும் தொடவில்லை. அந்த ஜாக்கெட்டை மடியில் போட்டு, தையலைப் பிரிப்பார். ஒட்டுத்துணி வைப்பார். பெரிதாக்குவார். "இறுக்குதாம்டா" என்பார். அக்கா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். இப்படியே சில வருடம். இதை எரித்தால்தான் அந்த மனுஷன் பிழைப்பார் என்று, அவர் கண் அசந்த நேரம் லாரிக்காரன் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

பாதி வழியில் வண்டி இழுக்கவில்லை. பின்னால் ஆள் ஏறின மாதிரி கனம். சொட்... சொட்... என்று தார் ரோட்டில் தண்ணீர் விழுகிற சத்தம். சேற்று வாடை. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

"மாமா..."

அதே குரல்தான். ஆனால் சின்னப் பிள்ளைக் குரல் இல்லை. கொஞ்சம் வளர்ந்த குரல்.

"இறுக்குது மாமா."

அவன் கத்தவில்லை. வண்டியைப் போட்டுவிட்டு ஓடவில்லை. மெதுவாகத் திருப்பினான். பள்ளம் மேடு பார்த்து ஓட்டினான், பிள்ளையை வைத்து ஓட்டுகிற மாதிரி. வழியெல்லாம் அழுதான்.

அத்தான் வாசலில் நின்றுகொண்டிருந்தார். எங்கே கொண்டுபோனாய் என்று கேட்கவில்லை. ஸ்கூட்டர் பக்கம் பார்த்து, "இறங்கும்மா, பாத்து" என்றார்.

கழுத்தில் கிடந்த இஞ்ச் டேப்பை எடுத்தார். ஜாக்கெட்டைத் தொடவேயில்லை. பக்கத்தில், வெறும் இடத்தில் குனிந்தார். ஒரு நுனியைத் தரையில் வைத்துக் கால் கட்டைவிரலால் மிதித்துக்கொண்டார். மறு நுனியைத் தன் நெஞ்சு வரைக்கும் தூக்கினார்... அங்கே கையை எடுத்துவிட்டார்.

"வளந்துட்டாடா மாப்ள," என்றார். "நீ சொன்ன மாதிரியே."

விட்ட நுனி கீழே விழவில்லை.