ஜனவரியில் குச்சி கிடையாது

ஹலோ... ஆமா, மலை மீட்புக் குழுதான். குன்வோர் பேசுறேன், சொல்லுங்க... வழி தவறிட்டீங்களா? பேரு?... ஐவின்ட். எந்த ஊரு?... ஓ, ஆஸ்லோ. நெனச்சேன்.

இல்ல இல்ல, ஒண்ணும் சொல்லல. இந்த நம்பரை யாரு குடுத்தா?... குடில் கதவுல ஒட்டியிருந்ததா. சரி, சரி. குடில் நோட்டுல பேரு எழுதிட்டுத்தானே கெளம்புனீங்க?... எங்க போறதா எழுதினீங்க?... ஸ்தூர்ஹெய் மலைக்கு. ம்.

அடிபட்டிருக்கா?... இல்ல. அப்போ என்னதான் அவசரம்?... பேட்டரி ரெண்டு பர்சென்டா! அது என்னமோ தம்பி, எங்களைக் கூப்பிடுற எல்லாருக்கும் ரெண்டு பர்சென்ட்தான் இருக்கு.

கோச்சுக்காதீங்க. போன ஞாயித்துக்கிழமை ஒருத்தன் கால் ஒடிஞ்சுபோச்சுன்னான். ஸ்னோ ஸ்கூட்டரை எடுத்துக்கிட்டு அடிச்சுப் பிடிச்சுப் போனா, ஐயா உக்காந்து சாசேஜ் சுட்டுக்கிட்டிருக்காரு! ரயில் ஸ்டேஷன்ல எறக்கிவிடுங்கங்கிறாரு. நாங்க என்ன டாக்ஸியா?

சரி, என்ன தெரியுது?... மூடுபனி. அப்புறம்?... குச்சியா? வரிசையாவா? இங்க பாருங்க, இது ஜனவரி. பனியில பாதை தெரியக் குச்சி நடுறதே நாங்கதான். ஈஸ்டர் கூட்டம் வர்றதுக்கு முன்னாடிதான் நடுவோம். அத்தனை குச்சியும் எங்க கொட்டகையில கட்டுக் கட்டாக் கெடக்கு. யாருகிட்ட கதை விடுறீங்க?...

கத்தாதப்பா. நெஜம்னா கிட்டப் போய் ஒண்ணைத் தொட்டுப் பாத்துச் சொல்லு. இப்போ எங்க நிக்கிற?... பாறை ஓரமா. சரி, போ... ம்... ம்... எத்தனை எட்டு வச்ச?... பன்னெண்டா. மேசை மாதிரி சமமா இருக்கா? ஸ்தூர்ஹெய்ல ஏதுய்யா அவ்வளவு சமதரை?

என்னது? ரெண்டு ரெண்டு குச்சியா? பெருக்கல் குறி மாதிரி குறுக்கயா?...

ஐயோ. ஐவின்ட், அசையாத. அது பாதை இல்லடா, ஏரி! மின்நிலையத்துக்காரங்க ஐஸுக்கு அடியில தண்ணியை எறக்குற எடம். ஐஸ் மெல்லிசு, யாரும் வராதீங்கன்னு நட்டது. கடவுளே, நான்தானே போகச் சொன்னேன்.

ஸ்கீயைக் கழட்டாத. பையோட இடுப்பு வாரை அவுத்து விடு, விழுந்தா பை உள்ள இழுத்துடும். ஐஸ் ஆணி, அதான் விழுந்தா ஐஸ்ல குத்தி ஏறுறது, கழுத்துல தொங்குதா?... பைக்குள்ளயா? கவரே பிரிக்கலையா! சரி, விடு, இப்போ தேடாத. வந்த தடத்துலயே பின்னாடி பின்னாடியே போ. ஒவ்வொரு எட்டையும் எண்ணு, எனக்குக் கேக்கணும்.

ஹால்வார்! ஸ்கூட்டரை எடு, கயிறையும் எடு! அணைக்கட்டு ஏரி!... இல்லப்பா, உன்னைச் சொல்லல. நீ எண்ணு.

நாலு... அஞ்சு... ஐஸ் விரியுற சத்தம் கேக்குதா? கேக்கட்டும், நிக்காத. நம்புறேன்டா, நீ சொன்ன அத்தனையும் நம்புறேன், எண்ணு... ஒம்பது... பத்து... பதினொண்ணு...

ஹலோ? ஐவின்ட்?... ஹலோ?...

ரெண்டு பர்சென்ட்னு சொன்னானே... ஹால்வார், அவன் அப்பவே சொன்னான்... பேட்டரியாத்தான் இருக்கும். பேட்டரியாவே இருக்கட்டும்.