ஏழாம் நம்பர் சுவர்

— மழை பெஞ்சு ரெண்டு மாசம் ஆச்சு. குழாய் எதுவும் சொட்டலை. குளியலறை மாடியில, அதுவும் அந்தக் கோடியில. அப்புறம் எப்படித் தம்பி என் கடைச் சுவரு மட்டும் இடுப்பளவுக்குக் குளிச்சுட்டு நிக்குது?

— பொறுங்க அண்ணி, ஒண்ணொண்ணாப் பார்ப்போம். எப்போலேர்ந்து இப்படி?

— மூணு மாசமா. முதல்ல பெயின்ட் கொப்புளிச்சுது. உங்கண்ணன் சுரண்டிட்டு அடிச்சாரு. மறுபடி கொப்புளிச்சுது, மறுபடி அடிச்சாரு. மூணாவது தடவையும் அடிச்சாரு. வீட்டுல நான் மதிக்கிற அளவுக்குக்கூட அந்தச் சுவரு அவரை மதிக்கலை.

— பேப்பரெல்லாம்?

— அதோ, பைண்டிங் அட்டை அத்தனையும் முதுகு வளைஞ்சு கிடக்கு. ஒரு பொண்ணு ஆறு வருஷம் ஆராய்ச்சி பண்ணி எழுதினதை நேத்து என்னை நம்பிக் குடுத்துட்டுப் போனா. காலையில பார்க்குறேன், அடியில இருந்த பக்கமெல்லாம் ஒட்டிக்கிட்டு உப்பி நிக்குது. அவ அழலை. நான்தான் அழுதேன்.

— ரெண்டாவது தடவை ஈரத்தை அளக்குறது இன்னிக்குத்தானே?

— இன்னும் கொஞ்ச நேரத்துல வந்துடுவாரு உங்க திட்ட அதிகாரி, ஊசி வெச்ச அந்த மெஷினைத் தூக்கிக்கிட்டு. போன மாசம் சுவத்துல குத்துனாரு, முப்பத்தொண்ணுன்னாரு, கதவுல இந்தச் சிவப்பு வட்டத்தை ஒட்டிட்டுப் போயிட்டாரு. பதினெட்டைத் தாண்டினா ‘குடியிருக்கத் தகுதியில்லாத கட்டடம்’னு அர்த்தமாம். இன்னிக்கும் தாண்டிச்சுன்னா இடிக்கிற பட்டியல்ல பேர் ஏறிடும். கீழ கடை, மேல வீடு. ரெண்டும் ஒரே அடியில போச்சு. நான் கேக்குறேன், இருபத்தாறு வருஷமா எலும்பு மாதிரி காய்ஞ்சு கிடந்த சுவரு, பல்கலைக்கழகத் தெருவை அழகுபடுத்துறோம்னு இவங்க வந்ததும் நனையுதே, அது எப்படி?

— அந்தக் கேள்வியை விடாமப் பிடிச்சுக்கோங்க. முதல்ல குழாயைப் பார்ப்போம். எல்லாத்தையும் மூடிட்டீங்களா?

— மூடிட்டேன். மாடியிலயும் மூடியாச்சு.

— இப்போ தண்ணி மீட்டரைப் பாருங்க. நம்பருக்குப் பக்கத்துல சின்னதா ஒரு சக்கரம் இருக்கும். எங்கயாவது சொட்டு ஒழுகினாக்கூட அது சுத்தும்.

— சுத்தலையே. அசையாம நிக்குது.

— அப்போ நம்ம குழாய்ல ஓட்டை இல்ல. அது தீர்ந்தது. அடுத்து, ஈரம் மேலேர்ந்து இறங்குதா, கீழேர்ந்து ஏறுதா? சுவத்துல கையை வெச்சுக்கிட்டே மேல கொண்டு போங்க.

— முழங்காலுக்கிட்ட சில்லுனு இருக்கு. இடுப்புக்கிட்ட கொஞ்சம். தோளுக்கிட்ட ஒண்ணும் இல்ல.

— பார்த்தீங்களா? ஏறுது.

— தண்ணி எங்கயாவது ஏறுமா?

— ஏறும் அண்ணி. துணியோட ஒரு முனையை மட்டும் வாளியில விட்டு வைங்க, மேல வரைக்கும் நனைஞ்சிடுதில்ல? செங்கல்லும் அப்படித்தான் உறிஞ்சும். அதனாலதான் வீடு கட்டறப்போ தரைக்கு ஒரு சாண் மேல, ரெண்டு செங்கல் வரிசைக்கு நடுவுல தார் போடுவாங்க. மண்ணுலேர்ந்து ஏறி வர்ற ஈரம் அதுல முட்டிக்கிட்டு நின்னுடும்.

— நம்ம வீட்டுக்கு அது இருக்கா?

— இல்லாமலா இருபத்தாறு வருஷம் காய்ஞ்சு கிடந்துது?

— அப்போ அந்தத் தாரு கெட்டுப் போச்சா?

— கெட்டிருந்தா எல்லாச் சுவரும் நனையணும். பின்சுவத்தைத் தொட்டுப் பாருங்க.

— தூசிதான் ஒட்டுது.

— நடுச்சுவரு?

— அதுவும் காய்ஞ்சுதான் இருக்கு.

— அப்போ தெருப் பக்கத்துச் சுவரு மட்டும். வெளியில வாங்க.

— அங்க என்ன இருக்கு? இவங்க வெச்ச பூச்செடிதான் இருக்கு. பிள்ளைங்க உக்காந்து பேசுறதுக்குன்னு கல்லு வெச்சு மேடை மாதிரி கட்டி, உள்ள மண்ணு ரொப்பி வெச்சாங்களே, அது.

— என் பையிலேர்ந்து அந்தக் கொத்தனார் கரண்டியை எடுத்துக் குடுங்க. சுவரை ஒட்டினாப்புல தோண்டுறேன். ஒரு சாண்... இன்னும் கொஞ்சம்... ரெண்டு சாண். இதோ. கறுப்பா ஒரு கோடு தெரியுதா?

— தெரியுது. அந்தத் தாரு!

— மண்ணு எதுவரைக்கும் நிக்குது?

— அதுக்கு மேல ரெண்டு சாண் நிக்குது.

— அவ்வளவுதான் விஷயம். கீழேர்ந்து ஏறி வர்ற ஈரத்தைத் தாரு தடுக்கும். இந்தப் பாத்தி தாரைத் தாண்டி மேல உக்காந்துக்கிட்டு, பக்கவாட்டுல சுவருக்குத் தண்ணி குடுக்குது. மண்ணுக்குள்ள சொட்டுக் குழாய் வேற ஓடுது. காலையில ஆறு மணிக்கும் சாயங்காலம் நாலு மணிக்கும் தானாத் திறக்கும். செடிக்குப் பாதி, உங்க சுவருக்குப் பாதி.

— இரு, இரு. எதிர் வாடையில, அந்தப் பக்கத்து வரிசையில, யாரு வீட்டுலயாவது சிவப்பு வட்டம் இருக்கா?

— இல்ல.

— பாத்தி?

— அதுவும் இல்ல. அந்தப் பக்கம் நடைபாதை குறுகல்னு விட்டுட்டாங்க.

— இந்தப் பக்கம் எங்க பதினோரு வீட்டுக்கும் பாத்தி. பதினோரு வீட்டுக்கும் வட்டம். அடப்பாவிகளா! எங்க தலையில தண்ணியை ஊத்திட்டு, ஏன் நனைஞ்சு நிக்கிறேன்னு எங்களையே வெளிய போகச் சொல்றாங்களா? எந்தப் புண்ணியவான் கட்டினான் இதை? அவன் கையைப் பிடிச்சு இந்தச் சுவத்துல வெச்சு, எப்படி இருக்குன்னு கேக்கணும்.

— வெச்சுட்டேன் அண்ணி. சில்லுனு இருக்கு.

— நீயா?

— பதினொண்ணையும் நான்தான் கட்டினேன். படத்துல ‘சுவரை ஒட்டி’ன்னு போட்டிருந்துது. வானத்துலேர்ந்து பார்க்குற மாதிரி வரைஞ்ச படம். அதுல நீளம் தெரியும், அகலம் தெரியும், உயரம் தெரியாது. நான் கேட்டிருக்கணும். கேக்கலை. இங்க வர்றப்போ மட்டும் இன்னொரு வரிசை கல்லு ஏத்திக் கட்டினேன்.

— எதுக்கு?

— நம்ம வீடாச்சே, எடுப்பா இருக்கட்டும்னு.

— பாசம்! நீ எங்களைப் பார்க்கத்தான் வந்திருக்கேன்னு நினைச்சு, இந்தப் பாசத்துக்கு அன்னிக்கு நான் ரெண்டு தடவை காபி போட்டுக் குடுத்தேன். மூணாவது தடவை ‘வேணாம் அண்ணி’ன்னு கூச்சப்பட்டான்யா இவன்!

— திட்டுங்க. வாங்கிக்கிறேன். ஆனா இப்பவே மண்ணை அள்ளிக் கொட்டினாலும் இன்னிக்குள்ள காயாது. இந்தக் கனத்துச் சுவரு காய ரெண்டு மாசம் பிடிக்கும்.

— அப்போ கண்டுபிடிச்சும் ஒண்ணும் ஆகப் போறதில்லையா?

— காரணத்தைச் சொல்லிப் பார்ப்போம். அதோ, அவரே வர்றாரு.

— ஏழாம் நம்பர்தானேம்மா? கொஞ்சம் நகருங்க. என்ன மேஸ்திரி, நீங்க இங்க? இது என்ன குழி? நம்ம பாத்தியையா தோண்டி வெச்சிருக்கீங்க?

— ஆமா சார். நான் கட்டினது தப்பு சார். மண்ணு தாரு வரிசைக்கு மேல போயிடுச்சு, அதனாலதான் இந்த வாடை முழுக்க ஈரம். மண்ணை எடுத்துட்டு ஜல்லி போட்டு, ரெண்டு மாசம் காய விட்டு அளந்தீங்கன்னா...

— மேஸ்திரி, நாளைக்கு வேலைக்கு வரணும்ல?

— வரணும் சார். அதுக்காக இதைச் சொல்லாம இருக்க முடியாது.

— பாருங்கம்மா, விதிப்படி பேசுவோம். படிவம் ஈரம் எவ்வளவுன்னு கேக்குது. ஏன்னு கேக்கலை. உள்ள குத்திப் பார்க்கலாமா? ...முப்பத்திரண்டு. போன மாசத்தைவிட ஒண்ணு கூட.

— சார், நான் கேக்குறேன், ஒரு ஆளைத் தண்ணியில தள்ளிட்டு, சட்டை நனைஞ்சிருக்கு, உன்னை உள்ள விடமாட்டேன்னு சொன்னா எந்த ஊரு நியாயம்?

— கோபப்படாதீங்கம்மா. செடி என்ன பண்ணும்? வயசாகிற உடம்புல மூட்டுவலி வர்ற மாதிரி பழைய கட்டடத்துல ஈரம் வரும். அந்தப் பெரிய படத்தைப் பார்த்தீங்கல்ல, கம்பி வேலி மேல ஒட்டியிருக்கே? இந்த இடத்துல ஆராய்ச்சி மாணவர்களுக்கு ஒன்பது மாடி வரப் போகுது. எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு காத்து!

— பார்த்தேன். என் கடை இருக்க வேண்டிய இடத்துல ஒரு நாய்க்குட்டி நிக்குது. அதுக்காவது அந்தப் படத்துல இடம் கிடைச்சுது.

— கையெழுத்துப் போடுங்கம்மா. இன்னிக்குள்ள அளவுப் பட்டியலை அனுப்பணும். ஒரு நம்பர் விட்டுப் போனாலும் மேலேர்ந்து திருப்பி அனுப்பிடுவாங்க.

— எத்தனை நம்பர் சார் பட்டியல்ல?

— இந்த வாடை முழுக்க. ஒண்ணுலேர்ந்து பன்னெண்டு வரைக்கும்.

— வீடு பதினொண்ணுதானே? பன்னெண்டு எது?

— பன்னெண்டு... அது எங்க அலுவலகம்தான்.

— அளந்தாச்சா?

— அதை எதுக்கும்மா அளக்கணும்? கட்டி எட்டு மாசம்கூட ஆகலை.

— விதிப்படி பேசுவோம்னு நீங்கதான் சொன்னீங்க. ஒரு நம்பர் விட்டாலும் திருப்பி அனுப்பிடுவாங்கன்னும் நீங்கதான் சொன்னீங்க. என்கிட்ட கையெழுத்து வேணும்னா பன்னெண்டையும் நிரப்பிக் கொண்டு வாங்க. அப்போ போடுறேன், தாராளமா.

— சரி, வாங்க. புதுக் கட்டடம்னா எப்படி இருக்கணும்னு உங்க கண்ணாலயே பார்த்துக்கோங்க. மேஸ்திரி, நீங்களும் வாங்க, கத்துக்கலாம்.

— சார், ஒண்ணு சொல்லிடறேன். அலுவலகத்துக்கும் இதே பாத்திதான் கட்டினேன். அங்க மூணு பக்கமும்.

— பேசாம வாங்க மேஸ்திரி. என்னம்மா, எல்லா வீட்டுக்காரங்களையும் கூப்பிட்டுக்கிட்டே வர்றீங்க?

— வரட்டும், அவங்களும் பார்க்கட்டும். உங்க அலுவலகத்துல ஏன் சார் அலமாரியைச் சுவத்தை விட்டுத் தள்ளிப் போட்டிருக்கீங்க?

— அது... கோப்புல பூஞ்சை பிடிக்குதுன்னு போன வாரம் தள்ளி வெச்சாங்கம்மா. பூட்டியே கிடக்குறதால இருக்கும். நகருங்க, ஊசியைக் குத்துறேன்.

— என்ன காட்டுது சார்?

— இருங்கம்மா. மெஷின்ல பேட்டரி போயிருக்கும்.

— எங்க வீட்டுல குத்துறப்போ நல்லா இருந்துதே, நாலு வீடு தாண்டுறதுக்குள்ள போயிடுச்சா? தம்பி, நீ எட்டிப் பாரு.

— நாப்பத்தொண்ணு அண்ணி.

— நாப்பத்தொண்ணா! என்னுதைவிட ஒன்பது கூட! சார், பதினெட்டைத் தாண்டினா என்ன பண்ணணும்னு உங்க விதி சொல்லுது?

— அதெல்லாம்... அது வந்தும்மா...

— நான் கேக்குறேன், அந்த வட்டத்துல ஒண்ணை என் கையில குடுங்க. என் கதவுல எவ்வளவு நேரா ஒட்டினீங்களோ, அவ்வளவு நேரா ஒட்டுறேன். இருபத்தாறு வருஷமா அட்டைக்கு மேல துணி ஒட்டுற கை இது, ஒரு சுருக்கம் விழாது.

— ஐயோ, ஒட்டாதீங்கம்மா! மேலதிகாரிங்க நாளைக்குக் காலையில இங்கதான் வந்து உக்காரப் போறாங்க. இடிக்கிற பட்டியல்ல இந்த அலுவலகமே இருந்தா என் வேலை என்ன ஆகும்? இது கட்டடத்தோட குறையே இல்ல!

— பின்ன எதோட குறை? சத்தமாச் சொல்லுங்க சார். பதினோரு வீட்டுக்காரங்களும் உங்க வாசல்லதான் நிக்கிறாங்க.

— பாத்தியோட குறைம்மா! சுவரை ஒட்டி இருக்குற மண்ணை ரெண்டு அடி அகலத்துக்கு, அந்தத் தாரு வரிசைக்கு ஒரு சாண் கீழ வரைக்கும் வெட்டி எடுத்துட்டு, அங்க ஜல்லி கொட்டி, சொட்டுக் குழாயை மூடி, ரெண்டு மாசம் காய விட்டு அப்புறம் அளந்தா, இந்த வாடையில எந்தச் சுவரும் பதினெட்டைத் தாண்டாது!