சுவருக்கு அந்தப் பக்கம்

மாலை ஆறே முக்கால் மணி. கிடங்குச் சாலை. கடைசி வேன் போய்விட்டால் அந்தச் சாலையில் நாய்கூடப் படுக்காது. இரண்டு பக்கமும் தகரச் சுவர்... நடுவே ஒரே ஒரு விளக்கு, அதுவும் சிமிட்டிக்கொண்டு. நெருங்கி உட்காருங்கள். அந்தக் கதவை மட்டும் யாரும் சாத்த வேண்டாம்.

இது நம் வேன் டிரைவருடைய மச்சானுக்கு நடந்தது. டிரைவரே என்னிடம் சொன்னது. மீன் பெட்டிகளை உறைய வைக்கும் கிடங்கில் மச்சான் பதிவு எழுதுகிறவன். எத்தனை பெட்டி வந்தது, எத்தனை போனது என்று கம்ப்யூட்டரில் ஏற்றுவான். நாளுக்கு ஒரு ஃபைல். அவன் அறைக்கும் குளிர் அறைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான்.

கம்ப்யூட்டர் கிழடு தட்டிப்போனது. உள்ளே சுற்றுகிற டிஸ்க் தேய்ந்து, எந்நேரமும் டக்... டக்... டக்கென்று அடித்துக்கொள்ளும். "மாமனாருக்கு இருமல் இன்னும் நிக்கலையா?" என்று சுமை தூக்குகிறவர்கள் எட்டிப் பார்த்துக் கேட்பார்கள். அந்தக் கேலியை ஆரம்பித்து வைத்தவன் அவர்களில் ஒருவன், பட்டப்பேர் ஒட்டடைக்குச்சி. அவ்வளவு உயரம், அவ்வளவு ஒல்லி.

அவன்தான் செத்துப்போனான்.

குளிர் அறையின் உள்பக்கக் கைப்பிடி உடைந்து வெகுநாள். யார் உள்ளே போனாலும் கதவிடுக்கில் ஒரு மரக்கட்டையைச் செருகிவிட்டுத்தான் போவார்கள். அன்று சாயங்காலம் ஒட்டடை போனபோது கட்டை நழுவிவிட்டது. மறுநாள் காலை திறந்தபோது விறைத்துக் கிடந்தான்.

விசாரணையில் மச்சான் சொன்னது ஒரே வரி. "நான் ஆறு மணிக்கே கெளம்பிட்டேன்."

பொய். ஏழு நாற்பது வரை அறையில்தான் இருந்தான். டக்... டக்... கேட்டுக்கொண்டேதான் இருந்தது. பாழாய்ப்போன டிஸ்க் என்று நினைத்தான். கம்ப்யூட்டர் தலையில் உள்ளங்கையால் ஓங்கி ஒன்று வைத்துத் திட்டினான். அன்றைய ஃபைலைச் சேமித்தான். எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் போனான். அணைத்த பிறகும் அந்தச் சத்தம் கேட்டதா? அதை மட்டும் அவன் தனக்குத்தானேகூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

ஒட்டடையின் அக்கா மாதம் ஒருமுறை கிடங்கு வாசலுக்கு வருவாள். சண்டை போடமாட்டாள். ஒரே கேள்விதான்.

"தம்பி, அன்னிக்கு சாயங்காலம் இங்க ஒருத்தர்கூடவா இல்ல?"

இவன் தரையைப் பார்த்தபடி இல்லை என்று தலையாட்டுவான்.

ஏழு மாதம் கழித்துப் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. அதில் சுற்றுகிற டிஸ்க்கே கிடையாது, பூனை நடக்கிற சத்தம்கூட வராது என்றான் கொண்டுவந்த மெக்கானிக். பழையது இன்றைக்கோ நாளைக்கோ மண்டையைப் போட்டுவிடும், அதற்குள் எல்லா ஃபைலையும் மாற்றிவிடு என்று சொல்லிவிட்டு மேலாளர் வீட்டுக்குப் போய்விட்டார்.

அந்த ஆறே முக்காலில்தான் மச்சான் தனியாக உட்கார்ந்து மாற்றிக்கொண்டிருந்தான். பென் டிரைவை இதில் செருகி, அதில் செருகி, மாதம் மாதமாக. பழையது விடாமல் இருமியது. சூடேறிய தூசியின் வாடை. அந்த மாதம் வந்தது. முப்பது ஃபைல். அந்த நாளின் ஃபைலுக்குப் பக்கத்தில் நேரம்: 7.40. அவன் அங்கே இருந்ததற்கு உலகத்தில் வேறு சாட்சி இல்லை.

இருபத்தொன்பதை எடுத்தான். அந்த நாளை மட்டும் விட்டான். பழையதோடு அதுவும் சாகட்டும். பழையதை நிறுத்தினான். ஒயரையும் பிடுங்கினான்.

டக்... டக்... டக்.

பிடுங்கிய ஒயர் கையில் இருக்கிறது. புதியதன் மேல் காதை வைத்தான். ஊமை. சத்தம் சுவரிலிருந்து வந்தது.

இந்தத் தடவை ஓடினான். குளிர் அறையைத் திறந்து, கட்டையை இடுக்கில் வைத்து, காலால் உதைத்து இறுக்கிவிட்டு உள்ளே போனான். வெண்புகை. மீன் வாடை, இரும்பு வாடை. பெட்டிகளைத் தவிர யாரும் இல்லை. சுவரோரத் தரை முழுக்க உறைபனி... ஓர் ஆள் உட்காருகிற இடத்தில் மட்டும் இல்லை. குனிந்து பார்த்தான்.

பின்னால் தொப்பென்று கதவு.

விளக்கும் போனது. தோளால் மோதினான், அசையவில்லை. கத்தினான், வாயிலிருந்து புகைதான் வந்தது. விரல் முட்டியால் சுவரைத் தட்டினான். டக்... டக்...

சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்தது. யாரோ இருக்கிறார்கள்! போன உயிர் திரும்பி வந்தது அவனுக்கு. இன்னும் வேகமாகத் தட்டினான்.

பட்டென்று ஓர் அடி கேட்டது. உள்ளங்கை அடி.

"சும்மா கெட சனியனே... உசிர வாங்காத."

அவனுடைய குரல்.

பிறகு சுவிட்சுச் சத்தம். செருப்புச் சத்தம் தேய்ந்துகொண்டே... போய்விட்டது.

மறந்துவிட்டுப் போன போனை எடுக்க டிரைவர் திரும்பி வந்தபோது ஏழே முக்கால். குளிர் அறைக் கதவு திறந்தே இருந்தது. கட்டை இடுக்கில் இறுகியபடியே இருந்தது. விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. மச்சான் திறந்த கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சுவரைத் தட்டிக்கொண்டிருந்தான். முட்டியில் தோல் இல்லை.

"என்ன மச்சான் இது? இப்பத்தான ஆபீஸ்ல எதையோ திட்டிக்கிட்டிருந்த. வாசல் வரைக்கும் கேட்டுச்சு."

கைத்தாங்கலாக அறைக்குக் கூட்டிவந்தார். புதுக் கம்ப்யூட்டரில் அந்த மாதம் திறந்து கிடந்தது. முப்பது ஃபைல்.

மச்சான் அந்த முப்பதாவதை அழிக்கவில்லை. மறுநாள் காலை அச்செடுத்துக்கொண்டு ஒட்டடையின் அக்கா வீட்டுக்குப் போனான். வாசற்படியிலேயே நின்று அத்தனையும் சொன்னான். செருப்பால் அடிப்பாள் என்று தலையைக் குனிந்துகொண்டான். அவள் அடிக்கவில்லை. ஒன்றுதான் கேட்டாள்.

"எத்தன தடவ தட்டினான் தம்பி?"

இவன் எண்ணவில்லையே.

இப்போது தெரியும். சுற்றுகிற டிஸ்க்கே இல்லாத அந்தப் புதுக் கம்ப்யூட்டர் தினமும் ஆறே முக்காலுக்குத் தட்டத் தொடங்குகிறது. மச்சான் கையை மடியில் வைத்துக்கொண்டு எண்ணுகிறான். ஒரு நாளும் கூடியதில்லை, குறைந்ததில்லை. நாற்பத்தொன்று. அக்காவிடம் போய் நாற்பது என்றுதான் சொல்லியிருக்கிறான்.

நாற்பத்தொன்றாவது தட்டுகிற சத்தம் இல்லை. சுவரில் நகம்... மெதுவாக... கீழே வழுக்குகிற சத்தம்.