மூன்று முறை ஹாரன் அடித்தவர்

மேடையில் அமர்ந்திருக்கும் சங்கப் பெரியோர்களே, வண்டிகளை நிறுத்திவிட்டு வந்திருக்கும் தாம்பரம் ஷேர் ஆட்டோ தோழர்களே, முன்வரிசையில் இருக்கும் அண்ணி அவர்களே, மகள் சுஜியே! துணைத்தலைவன் தினகரன் பேசுகிறேன். நம்மை விட்டுப் போன தலைவர் ஞானையா அண்ணனைப் பற்றி இந்த இரங்கல் கூட்டத்தில் பேச எனக்குத் தகுதி உண்டா? பேசி முடித்தபின் நீங்களே சொல்லுங்கள்.

நம் ஸ்டாண்டின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். மேடவாக்கம் ரோட்டில் முன்னால் ஓடும் வண்டி, பின்னால் வரும் வண்டிக்குப் போன் போடும். "மச்சான், செம்பாக்கத்துல ஆறு பேர் நிக்கிறாங்க, சீக்கிரம் வா!" ஓட்டிக்கொண்டே சொல்வோம், ஓட்டிக்கொண்டே கேட்போம். அண்ணன் ஒருவர்தான் ஓரம்கட்டி நிறுத்திவிட்டு எடுப்பார். அதற்குள் அந்த ஆறு பேரை வேறொருவன் ஏற்றிப் போயிருப்பான். 'ஓரங்கட்டி ஞானையா' என்று எத்தனை நாள் சிரித்தோம்! கோபப்பட்டாரா அந்த மனிதர்? "போடா, என் பின்னாடி நாலு உசுரு உக்காந்துகினு கீது" என்பார். யாரோ விட்டுப்போன டிபன் கேரியரைக் கொடுக்கக் காலி வண்டியில் மேடவாக்கம் வரை போனவர் அவர்.

போன செவ்வாய்க்கிழமை காலை அவர் டிவைடரில் மோதி இறந்தார். 'தூக்கக் கலக்கம்' என்று போலீஸில் எழுதிவிட்டார்கள். அண்ணி என்னைக் கேட்டார்: "தினகரா, உங்க அண்ணன் வண்டியில தூங்குற ஆளாப்பா?" மாலை வாங்கப் போவதாகச் சொல்லி எழுந்து வந்துவிட்டேன்.

அண்ணி, அவருக்கு முன்னால் போன வண்டி என்னுடையது.

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு நம் ஸ்டாண்ட் லோகநாதனிடம் கூட்டம் எங்கே என்று சொல்லிக்கொண்டிருந்தேன். லோகநாதா, நீ தலை குனியாதே, கூப்பிட்டது நான். என் வண்டி நடு ரோட்டில் ஊர்ந்தது. பின்னால் அண்ணனின் கம்மிய ஹாரன். ஒன்று. இரண்டு. மூன்று. பார்க்காமலேயே வலப்பக்கம் ஒதுங்கினேன். அது டிவைடர் பக்கம், அவர் என்னைத் தாண்டிக்கொண்டிருந்த பக்கம். மோதிய சத்தம் கேட்கவில்லையா என்கிறீர்களா? காதில்தான் போன் இருந்ததே! பிறகு கண்ணாடியில் பார்த்தேன், பின்னால் அவர் வண்டி இல்லை. சவாரி ஏற்ற நின்றிருப்பார் என்று போய்விட்டேன். கால்மணி நேரத்தில் போன் வந்தது. ஐயோ, அந்தச் செய்தியையும் வண்டி ஓட்டிக்கொண்டேதான் கேட்டேன்!

அந்த ஹாரன் என்னை விடவில்லை. பல் தேய்க்கும்போது கேட்கிறது. இந்த மைக்கிலும் கேட்கிறது.

மாலை போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடலாமா தோழர்களே? இனி ஓடும் வண்டிக்குப் போன் போட மாட்டோம், ஓட்டும்போது எடுக்க மாட்டோம். கூட்டம் போனால் போகட்டும், அவரைப்போல் ஓரம்கட்டுவோம்! என் பதவியை இங்கேயே விட்டுவிட்டு நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறேன். அவர் பெயரில் எழுதிய தப்பை என் பெயரில் எழுதச் சொல்வேன்.

சுஜி, உங்கப்பா தூங்கலம்மா. மூணு தடவை ஹாரன் அடிச்சாரு.