மேட்டில் மூச்சு வாங்கிய கார்க்காரர்

ஓமலூரிலிருந்து சேலம் வரும் பேருந்தில் எனக்கு முன்சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். உச்சி வெயிலில் கண் செருகிக்கொண்டிருந்த என்னை அந்த அம்மாவின் குரல்தான் எழுப்பியது.

"ஏனுங்க, அன்னிக்குக் கல்யாணத்துக்குப் போறப்ப காருக்குள்ள உக்காந்துக்கிட்டு எதுக்கு அப்பிடி மூச்சு வாங்குனீங்க?"

"மேடு வந்துச்சல்லோ அம்மிணி."

"மேடு ஏறுனது காருங்க!"

"டாக்டர் சொன்னாருன்னு காலையில சைக்கிள் மிதிக்கறனல்லோ, அதுல இருந்தே இப்பிடித்தான். மேட்டைக் கண்டா காருலயும் காலு கனக்குது. ஹாரன் அடிக்கப் போனா கட்டைவெரலு பெல்லைத் தேடுது."

"அதுக்குன்னு கொண்டப்பநாயக்கன்பட்டி வரைக்கும் அந்தப் பால்காரரு சைக்கிளுக்குப் பின்னாடியே ஊர்ந்துக்கிட்டுப் போவீங்களா? எங்கண்ணன் மவளுக்குத் தாலி கட்டறதைப் பாக்க முடியலை. நேராப் பந்தியிலதான் போயி உக்காந்தோம். அண்ணன் மூஞ்சியில முழிக்க முடியலீங்க."

"பின்னாடி கார் உறுமுனா முதுகெல்லாம் கூசும் அம்மிணி. எனக்குத் தெரியும்."

"அதுதான் இன்னிக்குப் பொண்ணு மாப்பிள்ளை விருந்துக்குப் பஸ்ஸுல வாரேன். இனி உங்க காருல ஏற மாட்டேன்."

ஜன்னலுக்கு வெளியே சோளக்காடு மெல்ல மிதந்துபோயிற்று. கணவருடைய தலையும் மெல்லச் சாய்ந்தது. அந்தத் தூக்கத்திலும் பாதங்கள் மட்டும் மாறி மாறி அசைந்துகொண்டிருந்தன.

திடீரென்று எங்கள் பேருந்து நீளமாக ஹாரன் அடித்தது. கண்ணைத் திறக்காமலே அவர் இடப்பக்கம் நகர்ந்து, மனைவியை ஜன்னலோடு நெருக்கினார்.

"என்னங்க இது!"

"ஒதுங்கிக்க அம்மிணி. பின்னாடி பஸ்ஸு வருது."