குறை இல்லாத என்ஜின்

இரவு இரண்டு மணி பத்து நிமிடம். ஆஸ்பத்திரிக்குப் போகும் புறவழிச்சாலை. இரண்டு பக்கமும் வீடு இல்லை, விளக்கு இல்லை... நடுவில் ஒரு சின்னப் பாலம். வரிசையாகச் சொல்கிறேன். கதவோரம் இருப்பவர் கொஞ்சம் உள்ளே தள்ளி உட்காருங்கள்.

என்னோடு வேலை பார்க்கும் நண்பனின் அக்காவுக்கு நடந்தது இது. அக்காவின் கணவரை அவன் அத்தான் என்பான்; நானும் அப்படியே சொல்கிறேன். அவர்களுக்கு ஆறு வயதில் ஒரு மகள் இருந்தாள். மூச்சிழுப்பு. ஒரு நாள் இதே நேரம், இதே பாலத்தின் மேல், அவர்களுடைய பழைய கார் நின்றுவிட்டது. அத்தான் பானட்டைத் திறந்து என்னென்னவோ செய்தார்... பின் இருக்கையில் இழுப்புச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு கேட்கவில்லை.

மூன்று வருடம் அவர் எந்தக் காரையும் தொடவில்லை. அக்கா மறுபடி உண்டானார். எட்டாம் மாதத்தில் அத்தான் செகண்ட் ஹேண்ட் கார் தேட ஆரம்பித்தார். நிறம், மைலேஜ் எதையும் கேட்கவில்லை. ஒரே கேள்விதான். வழியில் நிற்குமா?

கூடவே தெரிந்த மெக்கானிக். என்ஜின் ஆறிக் கிடக்கும்போது ஸ்டார்ட் செய்வார். ஆயில் மூடியைத் திறந்து முகர்வார். புகையின் நிறம் பார்ப்பார். கடைசிப் பரீட்சை அத்தானுடையது. இரவு இரண்டு மணிக்கு அந்தச் சாலையில் ஓட்டுவது.

முதல் வண்டி பாலத்தின் மேல் நின்றது. பெட்ரோல் பம்ப் கோளாறாக இருக்கும் என்றார் மெக்கானிக். "ஒரு ஸ்கேன்தான் சார் நீங்க இன்னும் எடுக்கல" என்று சிரிக்கவும் செய்தார். இரண்டாவதும் அங்கேயே நின்றது. மூன்றாவதும்... ஒவ்வொன்றும் விடிந்ததும் சாவியின் முதல் திருகலிலேயே கிளம்பியது. மெக்கானிக் இப்போது சிரிக்கவில்லை.

"என்ஜின்ல குறையே இல்ல சார். தையல் மெஷின் மாதிரி ஓடுது. நான் என் வீட்டுக்கே வாங்குவேன்."

"அப்புறம் ஏன்யா நிக்குது?"

அவர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

நான்காவது வண்டியில் அக்காவும் ஏறினார்.

"வயித்த வச்சுக்கிட்டு நீ எங்க வர்ற?"

"ஏறிட்டேன்ல. எடுங்க."

பாலம். குலுக்கல் இல்லை, இருமல் இல்லை... அணைந்தது. சூடு ஆறும் இரும்பு டிக்... டிக்... என்றது. நெஞ்சில் தடவும் தைலத்தின் வாசனை வந்தது. பிறகு வெளியே, பின் கதவருகே, விசில் போல மெல்லியதாக... அந்த இழுப்பு.

அத்தான் சாவியைத் திருகிக்கொண்டே இருந்தார். அக்கா அவர் கையைப் பிடித்தார்.

"விடுங்க. வண்டி கெட்டு நிக்கல. அவளுக்காக நிக்குது."

இறங்கிப் போய்ப் பின் கதவைத் திறந்தார். "வாடி தங்கம். அப்பா வேற வண்டி கொண்டாந்திருக்காரு. ஏறிக்கோ."

இருக்கை லேசாக அமுங்கியது. கதவைச் சாத்தினார். முதல் திருகலிலேயே என்ஜின் பிடித்தது.

ஏழு கிலோமீட்டர். அத்தான் பின்னால் பார்க்கும் கண்ணாடியைக் கூரைப் பக்கம் திருப்பிவிட்டார். பின்னால் இழுப்பு கூடிக்கொண்டே வந்தது. "வந்துட்டோம்டா... இதோ வந்துட்டோம்..." என்று சொல்லிக்கொண்டே ஓட்டினார் அத்தான். ஆஸ்பத்திரி கேட்டுக்குள் சக்கரம் நுழைந்ததும் சத்தம் நின்றது.

என்ஜின் மட்டும் சீராக ஓடியது.

"ஏங்க..." என்றார் அக்கா. "சரியாயிடுச்சா... இல்ல, இன்னிக்கும் லேட்டா வந்துட்டோமா?"

இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. விடியும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த வண்டியைத்தான் வாங்கினார்கள். இன்றுவரை எங்கும் நின்றதில்லை. கைக்குழந்தையோடு அக்கா முன்னால்தான் உட்காருகிறார். பின் கதவை இருவரும் திறப்பதே இல்லை.

போன வாரம் சர்வீஸுக்கு வந்தபோது மெக்கானிக் திறந்தார். அவர்களிடம் இன்னும் சொல்லவில்லையாம். என் நண்பனிடம்தான் சொன்னார். பின் கதவுக் கண்ணாடியின் உள்பக்கம், கீழே, சின்ன வட்டமாக ஆவி படிந்திருந்தது. துடைத்தார். மறுபடி படிந்தது... மறைந்தது... படிந்தது.